கட்டிளமைப் பருவமும் வீட்டுப் பேச்சும்

பதினான்கு அல்லது பதினைந்து வயதுப் பிள்ளையுள்ள வீட்டிலே, பாடசாலை விட்டு அப்பிள்ளை படலையைத் திறந்து உள்ளே வரும் வேளையில் நிகழும் உரையாடல் பெரும்பாலும் இவ்வாறே அமையும். "பள்ளிக்கூடம் எப்படி?" என்று தாய் வினவுவாள். "நல்லம்." "சோதினை?" "பரவாயில்லை." "எத்தனை மார்க்ஸ்?" "இன்னும் தரவில்லை." "மற்றப் பிள்ளைகளுக்குத் தந்துவிட்டார்களா?" இந்தக் கடைசி வினாவிற்கு விடை வருவதில்லை. அறைக்கதவு சாத்தப்படும் ஒலியே விடையாகும். இரண்டு ஆண்டுகளுக்கு முன், வகுப்பிலே யார் யாரோடு சண்டையிட்டார், ரீச்சர் எந்த நிறச் சேலை உடுத்து வந்தார், கன்ரீனில் வடை எவ்வளவு சிறுத்துவிட்டது என்பன வரையில் ஓயாது கூறிவந்த அதே பிள்ளைதான் இது. எங்கே பிழை நேர்ந்தது என்று தாய் தந்தையர் தம்முள் வினவிக்கொள்கின்றனர். அன்றேல், இந்தக் காலத்துப் பிள்ளைகளே இப்படித்தான் என்று காலத்தின்மேற் பழியை ஏற்றி ஒருவாறு ஆறுதலடைகின்றனர்.

காலத்தின்மேற் பழி சுமத்துவது பழைய வழக்கம். இன்று தம் மகனைக் குறைகூறும் தந்தையைப் பற்றி அவருடைய தந்தையும் இதே சொற்களால் முறையிட்டிருப்பார். கட்டிளமைப் பருவத்தைத் தனியானதொரு பருவமாகக் கொண்டு விரிவாக ஆராய்ந்த அமெரிக்க உளநூலறிஞர் ஸ்ரான்லி ஹோல், 1904 ஆம் ஆண்டிலே இரண்டு பெருந்தொகுதிகளாக வெளியிட்ட தமது நூலில், இது புயலும் கொந்தளிப்பும் மிக்க காலம் என்று வருணித்தார். 1928 இல் மானிடவியலறிஞர் மார்கிறற் மீட், பசிபிக் சமுத்திரத்திலுள்ள சமோவாத் தீவின் பெண்பிள்ளைகள் இப்பருவத்தை அமைதியாகவே கடக்கின்றனர் என எழுதி, கொந்தளிப்பு எங்கும் நிகழ்ந்தே தீரவேண்டியதன்று என்றார். மீட் கண்டதும் முழு உண்மையன்று என்று 1983 இல் டெரெக் பிறீமன் என்பார் வாதிட்டார். அறிஞரின் வழக்கு நிற்க. பின்வந்த ஆய்வுகள் பலவும் காட்டுவது யாதெனின், பெரும்பான்மையான பிள்ளைகள் பெற்றாருடன் பெரும்பிளவு எதுவுமின்றியே இப்பருவத்தைத் தாண்டிவிடுகின்றனர் என்பதும், ஆயினும் சில்லறைச் சச்சரவுகள் இக்காலத்தில் உண்மையாகவே மிகுகின்றன என்பதுமாகும். தலைமயிர், உடுப்பு, அறைத் துப்புரவு, வீடு திரும்பும் நேரம், கைத்தொலைபேசி என இவற்றைச் சுற்றியே பூசல் எழுகின்றது. சமயம், ஒழுக்கம், கல்வியின் பெறுமதி போன்ற பெரிய விடயங்களில் பிள்ளைகள் தம் பெற்றாரின் பக்கமே பெரும்பாலும் நிற்கின்றனர். இதனை அறிந்துகொண்ட தாய்க்கு, சாத்தப்பட்ட கதவு சற்றுச் சிறியதாகத் தோன்றும்.

உடலிலும் மூளையிலும் நிகழும் மாற்றங்களையும் பெற்றார் ஓரளவு அறிந்திருத்தல் நன்று. ஏனெனில் குணக்கேடு என்று கருதப்படும் சில, குணத்தோடு தொடர்பே இல்லாதவை. நித்திரையை எடுத்துக்கொள்வோம். உறக்கத்தை வரவழைக்கும் மெலற்றோனின் என்னும் சுரப்பு, கட்டிளமைப் பருவத்தில் இரவிலே பிந்தியே ஊறத் தொடங்குகின்றது. ஆகவே பத்து மணிக்குப் படுக்கச் சொன்னால் பிள்ளைக்கு உறக்கம் வருவதில்லை. வைகறையில் எழுப்பினால் எழுவதில்லை. இவ்வயதினர்க்கு எட்டு முதற் பத்து மணி நேர உறக்கம் வேண்டும் என்பது மருத்துவர் கருத்து. பாடசாலையோ காலை 7.30 இற்குத் தொடங்குகின்றது. அதற்கு முன் ஒரு ரியூசன் வகுப்பு, பின்னர் இன்னுமொன்று. இவ்வாறு உறக்கம் குறைந்த பிள்ளையிடம் காலை ஆறு மணிக்கு எதிர்காலத்தைப் பற்றி அறிவுரை கூறுவது, காய்ச்சற்காரனுக்கு விருந்து படைப்பது போலாகும். அறிவுரையில் குற்றமில்லை, வேளையிலேதான் குற்றம். கைத்தொலைபேசியும் உறக்கத்தைக் கெடுக்கின்றது என்பது மெய்யே. ஆயினும் முழுப் பழியையும் அதன் தலையிற் கட்டுவது நீதியாகாது.

மூளையைப் பற்றியும் அவ்வாறே. காந்தக் கதிர்ப்படங்களின் துணைகொண்டு 1990 களிலிருந்து நடைபெற்றுவரும் ஆய்வுகளால், முன்யோசனை, தன்னடக்கம், விளைவறிதல் என்பவற்றிற்கு இடமான நெற்றிப்புற மூளைப்பகுதி இருபத்தைந்து வயதளவிலேதான் முழு வளர்ச்சியடைகின்றது எனத் தெரியவந்துள்ளது. உணர்ச்சியும் வெகுமதி நாட்டமும் அதற்கு முன்னரே வலுவடைந்துவிடுகின்றன. 2005 இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்விலே, கணினித் திரையில் கார் ஓட்டும் விளையாட்டொன்றைப் பல வயதினர் விளையாடினர். தனியே விளையாடியபோது பதின்ம வயதினர் அத்துணை ஆபத்தை நாடவில்லை. தோழர் இருவர் பார்த்திருக்கும்போதோ அவர்கள் பெரிதும் துணிந்தனர். வளர்ந்தோரிடம் அத்தகைய வேறுபாடு காணப்படவில்லை. "உனக்கு மூளையில்லையா?" என்று கடிந்துகொள்ளும் தந்தை இதனை நினைவிற் கொள்ளலாம். தனியாக இருக்கும்போது நிதானமாகச் சிந்திக்கும் அதே மகனே, மூன்று தோழரோடு மோட்டார்ச் சைக்கிளில் ஏறியவுடன் வேறொருவனாகின்றான். அவனோடு பேசவேண்டிய வேளை, தோழர் அருகில் இல்லாத வேளையே. தோழரின் முன்னிலையிற் கூறப்படும் புத்திமதி அவமதிப்பாகவே செவியில் விழும்.

இனி, பேச்சு ஏன் அற்றுப்போகின்றது என்னும் வினாவிற்கு வருவோம். பெற்றார் கேட்பதை நிறுத்திவிட்டதால் அன்று. உண்மையில் அவர்கள் முன்னையினும் மிகுதியாகவே கேட்கின்றனர். எங்கே போனாய், யாரோடு போனாய், ஏன் பிந்தினாய், தொலைபேசியில் யார், என்ன சிரிப்பு என்றிவ்வாறு வினாக்கள் அடுக்கடுக்காக எழுகின்றன. நீதிமன்றிலே குறுக்கு விசாரணைக்கு உட்பட்ட சாட்சி எவ்வாறு சொற்களைச் சுருக்குவானோ, அவ்வாறே பிள்ளையும் சுருக்குகின்றது.

இவ்விடயத்திலே சுவீடன் தேசத்தில் நடைபெற்ற ஆய்வொன்று குறிப்பிடத்தக்கது. ஹோக்கன் ஸ்ரற்றின், மார்கிறற் கெர் என்னும் இருவர் பதினான்கு வயதுப் பிள்ளைகள் எழுநூற்றுக்கு மேற்பட்டோரையும் அவர்தம் பெற்றாரையும் ஆராய்ந்து 2000 ஆம் ஆண்டில் முடிபுகளை வெளியிட்டனர். பிள்ளைகளின் நடமாட்டத்தை நன்கறிந்த பெற்றாரின் பிள்ளைகள் தீய வழிகளிற் செல்வது குறைவு என்பது முன்னரே தெரிந்த செய்தி. அதனால், நன்றாகக் கண்காணிக்க வேண்டும் என்று எங்கும் அறிவுரை கூறப்பட்டு வந்தது. இவ்விருவரும் வேறொன்று வினவினர்: அந்தப் பெற்றார் அவ்வளவையும் அறிந்தது எவ்வாறு? துருவிக் கேட்டதாலா, கட்டுப்பாடு விதித்ததாலா? விடை வேறாக இருந்தது. பெற்றார் அறிந்தவற்றுள் மிகப் பெரும்பகுதி, பிள்ளை தானாகவே விரும்பிச் சொல்லியதால் வந்தது. கண்காணிப்பு அறவே வேண்டியதில்லை என்பது இதன் பொருளன்று. அதன் அளவைப் பற்றி அறிஞரிடையே பின்னரும் வாதம் நிகழ்ந்ததுண்டு. எனினும் அடிப்படை தெளிவானது. பதினான்கு வயதுப் பிள்ளையின் வாழ்விற் பெரும்பகுதி பெற்றாரின் கண்ணுக்கு எட்டாத இடத்திலேயே நடைபெறுகின்றது. பிள்ளை சொன்னாலன்றி அதனை அறிய வழியில்லை.

இங்கேதான் விடயத்தின் கனம் தங்கியிருக்கின்றது. தவணைச் சோதினையில் முப்பத்தெட்டுப் புள்ளி என்பது சிறு செய்தி. சைக்கிளின் விளக்கு உடைந்தது சிறு செய்தி. வகுப்பிலே ஒருவன் கேலி செய்தான் என்பதும் வளர்ந்தோர்க்குச் சிறு செய்தியே. இச்சிறு செய்திகளைக் கொண்டுவந்த ஒவ்வொரு முறையும் ஏச்சையோ ஏளனத்தையோ பெற்ற பிள்ளை, வீட்டிற் சொல்வதனால் வரும் பயன் இது என்று கற்றுக்கொள்கின்றது. பின்னொரு நாள் பெரிய செய்தி வரும். பதினாறு வயது மகள் ஒருத்தி, நம்பிக்கையோடு அனுப்பிய புகைப்படத்தை வைத்துக்கொண்டு ஒருவன் பணம் கேட்டு மிரட்டுகின்றான் எனக் கொள்வோம். வகுப்பு முடிந்து வரும் வழியில் வளர்ந்தவர் ஒருவர் தகாத முறையில் நடந்தார் எனக் கொள்வோம். தோழன் ஒருவன் கொடுத்த போதைக் குளிசையை மகன் இரண்டு முறை உட்கொண்டுவிட்டான் எனக் கொள்வோம். இவை இன்று இத்தீவின் எப்பகுதியிலும் நடவாதவை அல்ல. மிரட்டுபவனுடைய பலம் அந்தப் படத்திலே மட்டும் இருப்பதன்று. "வீட்டுக்குத் தெரிந்தால் உன்னைக் கொன்றுவிடுவார்கள்" என்னும் அச்சத்திலும் இருக்கின்றது. அந்த அச்சம் இல்லாத வீட்டுப் பிள்ளை அன்றிரவே தாயிடம் வரும். மிரட்டலும் பெரும்பாலும் அத்தோடு வலுவிழக்கும். சிறு செய்திகளை எவ்வாறு பெற்றுக்கொள்கின்றோம் என்பதற்கும் இதற்கும் உள்ள தொடர்பைப் பெற்றார் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை.

ஆகவே செய்தி வந்தவுடன் கழியும் அரை நிமிடம் மிகவும் பெறுமதியுடையது. அந்த அரை நிமிடத்தில் நீதி வழங்காதிருத்தலே முதற் பயிற்சி. தெல் அவிவ் நகரிற் பிறந்து அமெரிக்காவிற் பணியாற்றிய உளநூலறிஞர் ஹைம் ஜினொற், பெற்றாரும் பிள்ளையும் பேசும் முறை பற்றி 1965 இலும், பதின்ம வயதினரைப் பற்றித் தனியாக 1969 இலும் நூல்களை வெளியிட்டார். பிள்ளையின் செயலைக் கண்டிக்கலாம், பிள்ளையின் தன்மையைப் பழிக்கலாகாது. எல்லா உணர்ச்சிகளையும் ஏற்றுக்கொள்ளலாம், எல்லாச் செயல்களையும் ஏற்றுக்கொள்ள வேண்டியதில்லை என்பது அவர் கொள்கையின் சாரம். சொல்வதற்கு எளிது. நடைமுறையில் அது எப்படி அமையும் என்று பார்க்கலாம்.

மகன் வந்து, "அந்தக் கணித வகுப்புக்கு இனிப் போகமாட்டேன்" என்கின்றான். தந்தை உடனே, "காசு கட்டியது யார்? நாங்கள் படித்த காலத்தில் மண்ணெண்ணெய் விளக்குத்தான் இருந்தது" என்று தொடங்கினால், மண்ணெண்ணெய் விளக்கின் வரலாறு முடிவதற்கு முன்னரே மகன் தன் காதை மூடிக்கொள்வான். "ஏன் தம்பி, அங்கே ஏதும் நடந்ததா?" என்பது சிறிது மேலானது. அதனினும் மேலானது, "போக மனமில்லாத அளவுக்கு வெறுத்துப்போய்விட்டது போலிருக்கிறது" என்று கூறிவிட்டு வாளாவிருத்தல். அந்த மௌனத்தைத் தாங்கிக்கொள்வது பெற்றார்க்குக் கடினம். ஒரு நிமிடம் கழித்து, முந்நூறு பிள்ளைகள் நெருங்கியிருக்கும் மண்டபத்தில் தனக்கு எதுவும் விளங்கவில்லை என்றோ, பிழையான விடை சொன்னதற்காக எல்லோர் முன்னும் கேலி செய்யப்பட்டான் என்றோ மகன் கூறக்கூடும். அதன் பின்னரே வகுப்பை விடுவதா மாற்றுவதா என்னும் ஆலோசனைக்கு இடமுண்டு. காரணம் தெரியுமுன் வழங்கப்படும் பரிகாரம், நாடி பாராமற் கொடுத்த மருந்து.

நேருக்கு நேர் அமர்ந்து, "வா, இங்கே இரு, உன்னோடு கதைக்க வேண்டும்" என்று அழைத்தவுடன் பிள்ளை எச்சரிக்கையடைந்துவிடுகின்றது. இவ்வயதினர் பக்கவாட்டிலேதான் நன்றாகப் பேசுவர். தேங்காய் துருவும்போதும், பின்வளவிலே வாழைக்குத் தண்ணீர் கட்டும்போதும், சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போதும், பஸ்ஸில் அருகருகே அமர்ந்து செல்லும்போதும், கண்ணோடு கண் நோக்க வேண்டிய தேவை இல்லை. கைகளுக்கு வேலை இருக்கின்றது. அத்தகைய வேளைகளிலே, கேட்கப்படாத செய்திகள் தாமாகவே வெளிவரும். இரவு பத்து மணிக்குப் பின் அடுக்களை வாசலில் வந்து நின்று, "அம்மா, ஒன்றுமில்லை..." என்று தொடங்கும் பிள்ளையை, "இன்னும் படுக்கவில்லையா?" என்று துரத்திவிடும் தாய், அந்த வாரத்தின் முதன்மையான உரையாடலை இழந்துவிடுகின்றாள். மலையகத்தின் லயன் அறைகளிலும் நெருக்கமான நகர வீடுகளிலும் இன்னொரு தொல்லை உண்டு. மூன்று தலைமுறையினர் ஒரே அறையில் இருக்கும்போது மகள் தன் மனத்தைத் திறப்பதெங்ஙனம்? கடைக்குப் போகும் வழியும் கோயிலுக்குப் போகும் வழியுமே அங்கு தனியறையாகின்றன. அவ்வழி நடையைத் திட்டமிட்டே ஏற்படுத்திக்கொள்ளும் தாய்மார் இருக்கின்றனர்.

நம்மவர் பேச்சில் வேரூன்றிய ஒரு பழக்கம் ஒப்பிடுதல். அடுத்த வீட்டுப் பிள்ளை, பெரியம்மாவின் மகன், கனடாவிலுள்ள மச்சாள் என்னும் இவர்கள் நம் வீடுகளில் நிரந்தரமாகக் குடியிருக்கின்றனர். ஊக்கம் அளிப்பதற்காகவே ஒப்பிடுவதாகப் பெற்றார் கருதுகின்றனர். விளைவோ, பிள்ளை அந்த மற்றப் பிள்ளையை வெறுக்கத் தொடங்குவதும், பெற்றாரின் அன்பு புள்ளிகளுக்கு ஈடாகவே கிடைக்கின்றது என முடிவு செய்வதுமேயாகும். க.பொ.த. சாதாரணதரப் பெறுபேறு வெளிவரும் நாளிலே இது உச்சமடைகின்றது. பெறுபேறு கைத்தொலைபேசியிலே தோன்றிய ஐந்தாவது நிமிடத்திலே உறவினர் வட்ஸ்அப் மூலம் வினவத் தொடங்கிவிடுவர். அந்நாளில் தாய் தந்தையர் தம் பிள்ளைக்குச் செய்யத்தக்க பேருதவி, அன்று மாலை வரை அவ்வழைப்புகளுக்கு விடை கூறாதிருத்தல்.

அதனைத் தொடர்ந்து வருவது உயர்தரத்தில் எப்பிரிவைத் தெரிவது என்னும் வழக்கு. உயிரியலும் கணிதமும் மேல், வர்த்தகம் நடு, கலை கீழ் என்ற வரிசை நம் சமூகத்தின் உள்ளத்தில் எழுதாச் சட்டமாக நிலைத்துவிட்டது. 2013 இல் தொழினுட்பப் பிரிவு சேர்க்கப்பட்ட பின்னரும் அவ்வரிசை மாறவில்லை. மருத்துவர் ஆவாய் என்று மகளுக்கு மூன்று வயதிலேயே கூறிவைத்த தந்தைக்கு, அவள் வரலாறும் தமிழும் படிக்க விரும்புவதாகக் கூறுவது இடியாகவே இருக்கும். தந்தையின் அச்சத்தையும் இகழ முடியாது. உத்தியோகம் அரிதான நாட்டிலே, உயர்தரத்தில் தகுதி பெற்றோருள்ளும் சிறு பகுதியினர்க்கே பல்கலைக்கழக அனுமதி கிடைக்கும் நிலையிலே, அவர் அஞ்சுவது இயல்பு. ஆயின் அச்சத்தை அச்சமென்றே கூறினால் என்ன? "நீ படித்து முடித்த பின் வேலையில்லாமல் இருந்துவிடுவாயோ என்று எனக்குப் பயமாயிருக்கிறது" என்னும் வாக்கியத்தை மகள் செவிமடுப்பாள். அதற்கு மறுமொழியும் யோசிப்பாள். "கலை படித்தவன் எவன் உருப்பட்டான்?" என்னும் வாக்கியத்திற்கு மறுமொழி கண்ணீர் ஒன்றே. அமெரிக்கரான தோமஸ் கோர்டன் 1970 இல் வெளியிட்ட பெற்றார் பயிற்சி நூலில் வலியுறுத்திய முறையும் இதுவே. நீ இப்படிப்பட்டவன் என்று தொடங்காமல், எனக்கு இவ்வாறு இருக்கின்றது என்று தொடங்குதல். தமிழ்த் தந்தையர்க்குத் தம் பயத்தை வெளியிடுதல் மானக்குறைவாகத் தோன்றும். ஆயினும் கோபமாக வெளிப்படும் பயம் எவருக்கும் பயன்பட்டதாகத் தெரியவில்லை.

தோளுக்கு மேல் வளர்ந்தால் தோழன் என்னும் பழமொழியை இவ்விடத்திலே பலர் எடுத்துக்காட்டுவர். அதனைத் தவறாகப் பொருள் கொள்வோரும் உளர். தோழன் என்றால் கட்டுப்பாடே வேண்டாம் என்று சிலர் கைகழுவிவிடுகின்றனர். 1960 களில் அமெரிக்க உளநூலறிஞர் டயானா போம்றின்ட் பெற்றாரின் முறைகளை வகுத்துரைத்தபோது, கடுமையாக அடக்கி ஆளும் பெற்றாரையும், எதற்கும் தலையசைத்துவிடும் பெற்றாரையும் தனித்தனியே காட்டி, இவ்விரண்டினும் வேறான மூன்றாம் வகையொன்றையும் எடுத்துரைத்தார். விதியும் உண்டு, அதற்குக் காரணமும் கூறப்படும், பிள்ளையின் மறுப்புக்கும் செவிசாய்க்கப்படும், ஆயினும் முடிவு பெற்றாருடையது என்பதே அம்மூன்றாம் வகை. அதன் பின் நடந்த ஆய்வுகள் பலவும் இவ்வகைக்கே சார்பாக உள்ளன. இரவு ஒன்பதரைக்குப் பின் கைத்தொலைபேசிகள் அனைத்தும் விறாந்தை மேசையில் வைக்கப்படும் என்று விதி செய்வதானால், தந்தையின் தொலைபேசியும் அந்த மேசையிற் கிடத்தல் வேண்டும். அவ்வாறு செய்யாத தந்தை, விதியைப் பற்றி எத்துணை அழகாகப் பேசினும் பயனில்லை. பிரம்பைப் பற்றி நீளப் பேச வேண்டியதில்லை. அது பிள்ளைக்குப் பொய் சொல்லக் கற்றுக்கொடுக்கும் கருவி; பதினைந்து வயதில் வீட்டை விட்டு ஓடவும் கற்றுக்கொடுக்கும்.

பெண்பிள்ளைகளைப் பற்றித் தனியே ஒன்று கூற வேண்டியுள்ளது. மகள் பருவமடைந்தவுடன் நம்மவர் சாமத்தியச் சடங்கை மிகச் சிறப்பாக நடத்துகின்றனர். மண்டபம் பதிவு செய்யப்படுகின்றது. நிழற்படங்கள் நூற்றுக்கணக்கில் எடுக்கப்படுகின்றன. ஊர் முழுவதற்கும் அறிவித்த செய்தியை அந்தப் பிள்ளைக்கு விளக்கிச் சொல்வார் மட்டும் பல வீடுகளில் இல்லை. தன் உடலில் நிகழ்ந்தது யாது, மாதந்தோறும் என் செய்ய வேண்டும், எது நோயின் அறிகுறி, எவருடைய எந்த நடத்தையை மறுக்க வேண்டும் என்பனவற்றைத் தோழிகளிடமிருந்தும் தொலைபேசியிலிருந்தும் அரைகுறையாகவே அவள் அறிகின்றாள். அன்று முதல் தந்தையும் அவளோடு பேசுவதைக் குறைத்துக்கொள்கின்றார். நேற்றுவரை தன் சைக்கிளின் முன்பாரில் ஏற்றிச் சென்ற அப்பா, இன்று ஏன் விலகி நிற்கின்றார் என்பது அவளுக்கு விளங்குவதில்லை. தான் ஏதோ பிழை செய்துவிட்டதாகவே அவள் கருதக்கூடும். உடலைப் பற்றித் தாயோ சிற்றன்னையோ பேசட்டும். கிரிக்கெட்டைப் பற்றியும் நாட்டு நடப்பைப் பற்றியும் தந்தை பேசுவதற்கு என்ன தடை? ஆண்பிள்ளைகளின் நிலையும் சிறந்ததன்று. அவர்களுக்குச் சடங்குமில்லை, விளக்கமுமில்லை.

தாயோ தந்தையோ வேற்றுநாட்டில் உழைக்கும் குடும்பங்கள் இத்தீவிற் பல. மத்திய கிழக்கு நாடுகளிலே வீட்டுவேலை செய்யும் தாய்மாரும், கட்டார் தேசத்திலே கட்டட வேலை செய்யும் தந்தையரும் கிழமையில் ஒரு நாள் தொலைபேசித் திரையிலே தம் பிள்ளைகளைக் காண்கின்றனர். அந்த இருபது நிமிடமும், "படிக்கிறாயா? அம்மம்மாவின் சொல் கேட்கிறாயா? அனுப்பிய காசு வந்ததா?" என்னும் மூன்று வினாக்களிலே கழிந்துவிடுகின்றது. அதற்குப் பதிலாக, அங்கே அன்று என்ன சமைத்தார், புழுதிக்காற்று எப்படி வீசியது, எந்த நாட்டவர் பக்கத்துக் கட்டிலில் படுக்கின்றார் என்று பெற்றார் தம் கதையை முதலிற் கூறினால், பிள்ளையும் தன் கதையைக் கூறத் தொடங்கும். உரையாடல் என்பது கொடுக்கல் வாங்கல். இங்கே உடனிருக்கும் அம்மம்மாவும் மாமாவும் அவ்விடத்தை நிரப்பலாம். பெற்றாரிடம் சொல்லாததை அம்மம்மாவிடம் சொல்லும் பிள்ளைகள் பலர். அதனைக் கண்டு பெற்றார் பொறாமை கொள்வது வீண். யாராவது ஒரு வளர்ந்தவரிடம் பிள்ளை சொல்கின்றது என்பதே பெரும் பாதுகாப்பு.

சில வேளைகளில் மௌனம் பருவத்தின் இயல்பாக இல்லாமல் நோயின் அறிகுறியாக இருக்கலாம். கிழமைக் கணக்காக உணவும் உறக்கமும் குலைதல், விரும்பிய விளையாட்டையும் தோழரையும் கைவிடுதல், அருமையாகப் போற்றிய பொருள்களைப் பிறர்க்கு வழங்கிவிடுதல், தான் இல்லாதுவிட்டால் எல்லோருக்கும் நல்லது என்ற பாங்கிற் பேசுதல் என்பன அலட்சியம் செய்யத்தக்கவை அல்ல. 1990 களின் நடுப்பகுதியிலே இலங்கையின் தற்கொலை வீதம் உலகின் மிக உயர்ந்தவற்றுள் ஒன்றாக இருந்தது. பின்னர் அது பெரிதும் குறைந்துள்ளது. எனினும் பரீட்சைப் பெறுபேறுகள் வெளிவரும் காலங்களிலே பெற்றார் விழிப்பாக இருத்தல் வேண்டும். சாவைப் பற்றிய எண்ணம் உண்டா என்று வாய்விட்டுக் கேட்டால், இல்லாத எண்ணத்தை ஊட்டியதாகிவிடும் என்று பலர் அஞ்சுகின்றனர். ஆராய்ச்சிகள் அவ்வச்சத்தை உறுதிசெய்யவில்லை. தெளிவாகவும் அமைதியாகவும் கேட்கப்பட்ட பிள்ளை, பெரும்பாலும் ஆறுதலே அடைகின்றது. தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்னும் இலக்கத்திற்கு அழைத்து ஆலோசனை பெறலாம். பிள்ளைக்கு எவராலேனும் கொடுமை நேர்ந்திருப்பின், தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்னும் இலக்கம் உண்டு.

இறுதியாக, இரகசியத்தைப் பற்றி. மகள் நள்ளிரவில் அழுதுகொண்டு கூறியதை மறுநாட் காலை தாய் தொலைபேசியில் தன் தமக்கைக்குக் கூறுகின்றாள். தமக்கை அதனைத் தன் மகளுக்குக் கூறுகின்றாள். மாலைக்குள் அது ரியூசன் வகுப்பை அடைந்துவிடுகின்றது. தாய்க்கு அதிலே தீய எண்ணம் இல்லை. தன் பாரத்தை இறக்கிவைக்க அவளுக்கும் ஒருவர் வேண்டும். ஆயினும் அந்த மகள் அடுத்த முறை சொல்லமாட்டாள். "இதை வேறு யாருக்கும் சொல்லமாட்டேன்" என்று கண்ணை மூடிக்கொண்டு வாக்களிப்பதும் தவறு; உயிருக்கோ உடலுக்கோ ஆபத்து இருக்குமாயின் சொல்லியே ஆக வேண்டும். அப்போது, "இதை அப்பாவுக்கும் டொக்டருக்கும் மட்டும் சொல்ல வேண்டியிருக்கிறது, நாளைக் காலை சொல்லப்போகிறேன், நீயும் கூட வாறியா, நான் தனியாகச் சொல்லவா?" என்று முன்கூட்டியே பிள்ளைக்கு அறிவித்துவிட்டுச் செய்தல் முறையாகும். பிள்ளை அன்று கோபிக்கக்கூடும். இரண்டு நாள் பேசாமலும் இருக்கக்கூடும். மூன்றாம் நாள் அடுக்களை வாசலிலே வந்து நிற்கும்போது, தாய் செய்துகொண்டிருக்கும் வேலையை நிறுத்தாமல், சிறிது நகர்ந்து இடம் கொடுத்தாற் போதும்.